ஈசிஜி நார்மல்... ஆனாலும் நெஞ்சு படபடப்பு ஏன்? சிபிடி சிகிச்சையும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேலையும்: முழு விளக்கம்

காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரையில் இருக்கிறது செவிலிமேடு. வரதராஜப் பெருமாளுக்கு ராமானுஜர் தினமும் தீர்த்தம் எடுத்துப் போனதாகச் சொல்லப்படும் சாலைக்கிணறு இங்கேதான் இருக்கிறது. ஒருபக்கம் பட்டுத் தறிகள். இன்னொரு பக்கம், விடியும் முன்பே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள்.

அந்த பஸ்ஸில் தினமும் போகும் 27 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருநாள் காலையில் பஸ்ஸில் திடீரென நெஞ்சு படபடக்கிறது. கை வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது. ‘அவ்ளோதான், ஹார்ட் அட்டாக்’ என்று நினைக்கிறார். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறார்கள். நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல். “ஒண்ணும் இல்ல தம்பி, டென்ஷன் ஆகாதீங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஆனால் அடுத்த வாரம் மறுபடியும் அதே படபடப்பு. அதன்பிறகு பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்தில் மட்டும்தான் உட்காருகிறார். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. பிறகு பஸ்ஸையே விட்டுவிட்டு பைக்கில் போகிறார். கடைசியில் வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்.

“ஒண்ணும் இல்ல” என்று சொன்னது பாதிதான் சரி. இதயத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. அதற்குப் பெயரும் இருக்கிறது, நன்றாகப் பலன் தரும் சிகிச்சையும் இருக்கிறது. அந்தச் சிகிச்சையின் பெயர் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சுருக்கமாக ‘சிபிடி’. அதை முறையாகப் படித்துச் செய்பவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர்.

சிபிடி எங்கிருந்து வந்தது?

இதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். 1921-ல் பிறந்தவர். சிறுவயதில் கை முறிந்து, அது சீழ்பிடித்து, உயிருக்கே ஆபத்தாகப் போனது. அந்த அனுபவத்துக்குப் பிறகு காயம், அறுவை சிகிச்சை என்றாலே அவருக்குப் பயம். அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, தானே அதிலிருந்து வெளியே வந்தார்.

பெக் முதலில் பயிற்சி பெற்றது ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு முறையில். நோயாளி சோபாவில் படுத்து மனதில் வருவதையெல்லாம் சொல்வார், மருத்துவர் கேட்பார். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் நோயாளி பதற்றமாகவே இருந்தார். பேசும் விஷயம்தான் காரணம் என்று பெக் முதலில் நினைத்தார். விசாரித்தபோது, ‘நான் இவருக்கு போர் அடிக்கிறேன்’ என்ற எண்ணம் அந்தப் பெண்ணின் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது தெரியவந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. மற்ற நோயாளிகளிடமும் இப்படித் தானாக வந்துபோகும் எண்ணங்கள் இருப்பதை பெக் கவனித்தார். அவற்றுக்குத் ‘தானியங்கி எண்ணங்கள்’ என்று பெயர் வைத்தார்.

1960-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்த முறையை வளர்த்தார். பேச்சு சிகிச்சை மனச்சோர்வு மாத்திரைக்கு நிகராக நிற்குமா என்ற கேள்வியை நேரடியாகச் சோதித்த ஆய்வை அவரது குழு 1977-ல் வெளியிட்டது. ‘இமிப்ரமின்’ என்ற மருந்தோடு ஒப்பிட்டதில் பேச்சு சிகிச்சை நன்றாகவே தாக்குப்பிடித்தது. இதே காலகட்டத்தில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் வேறு பாதையில் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் நடத்தை சிகிச்சையும் இதனுடன் சேர்ந்துகொண்டது. பெக் 2021 நவம்பரில், 100 வயதில் இறந்தார்.

சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கும்?

நம்ம செவிலிமேடு இளைஞருக்கே வருவோம். அவர் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகள்தான். எப்போது தொடங்கியது, எங்கே வருகிறது, வந்தால் என்ன செய்கிறீர்கள், தூக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என எல்லாவற்றையும் கேட்பார். தைராய்டு, ரத்தசோகை, இதயக் கோளாறு ஆகியவையும் படபடப்பைத் தரும் என்பதால் உடல் பரிசோதனை முடிந்ததா என்றும் பார்ப்பார்.

அடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் சுழற்சி ஒன்றை வரைவார். நெஞ்சு படபடக்கிறது. ‘ஹார்ட் அட்டாக் வருது’ என்ற எண்ணம் வருகிறது. அதனால் பயம் கூடுகிறது. பயம் கூடியதும் உடல் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. ‘பார்த்தியா, நான் நினைச்சது சரிதான்’ என்று எண்ணம் இன்னும் உறுதியாகிறது. பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் விளக்கிய பேனிக் அட்டாக் சுழற்சி இதுதான்.

“மேடம், அப்போ இது எல்லாம் என் கற்பனைங்களா?”

“இல்லைங்க. படபடப்பு நிஜம். அதுக்கு நீங்க வச்ச அர்த்தம்தான் சரியான்னு நாம சேர்ந்து செக் பண்ணப் போறோம்.”

இந்த ‘சேர்ந்து செக் பண்ணுவது’தான் சிபிடியின் உயிர். சைக்காலஜிஸ்ட் அறிவுரை சொல்வதில்லை. “பாசிட்டிவா யோசிங்க” என்றும் சொல்வதில்லை. கேள்வி கேட்பார்: ‘இது ஹார்ட் அட்டாக்’ என்பதை 100-க்கு எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்? இதுவரை எத்தனை தடவை வந்தது? அதில் எத்தனை தடவை இதயத்தில் கோளாறு கண்டுபிடித்தார்கள்?

பிறகு சோதனை. உடல்நிலை சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார். தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும். “பஸ்ல வர்ற மாதிரியே இருக்கே!” என்பார் இளைஞர். பயத்தில் வேகமாக மூச்சு விட்டதாலேயே பாதி அறிகுறிகள் வந்தன என்பது அவருக்கே புரியும்.

அதன்பிறகுதான் வீட்டுப்பாடம். முதல் வாரம் ராஜகுளம் வரை பஸ்ஸில் போக வேண்டும். அடுத்த வாரம் சுங்குவார்சத்திரம் வரை. பிறகு கதவுப் பக்க சீட் கிடையாது. பிறகு தண்ணீர் பாட்டிலும் கிடையாது. ஏன் பாட்டிலைப் பிடுங்க வேண்டும்? பாட்டில் கையில் இருக்கும்வரை, ‘இது இருந்ததால்தான் தப்பிச்சேன்’ என்றே மனம் கணக்குப் போடும். இல்லாமல் போனால்தான், அது இல்லாமலும் ஒன்றும் ஆகாது என்று மனம் கற்றுக்கொள்ளும்.

பேனிக் பிரச்சினைக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேர சிபிடி என்பது பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு தரும் வழிகாட்டுதல். வாரம் ஒருமுறை என்றால் சில மாதங்களில் முடிந்துவிடும். வாழ்நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும் சிகிச்சை இல்லை இது. தனக்குத் தானே சிகிச்சையாளராக ஆளை மாற்றிவிட்டு விலகிக்கொள்வதுதான் நோக்கம்.

‘தோணுது’ என்ற வார்த்தை

சிபிடி ஆங்கிலத்தில் பிறந்தது. அதைத் தமிழில் செய்யும்போது ஒரு சிக்கல் வருகிறது. எண்ணம் வேறு, உணர்வு வேறு என்று பிரிப்பது இந்தச் சிகிச்சையின் முதல் படி. ஆனால் பேச்சுத் தமிழில் இரண்டுக்குமே ‘தோணுது’ என்று சொல்லிவிடலாம். ‘எல்லாரும் என்னைக் கேவலமா பாக்குறாங்கன்னு தோணுது’ என்பது எண்ணம். ‘அழணும் போல தோணுது’ என்பது உணர்வு. ‘மனசே சரியில்ல’, ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பதில் இரண்டும் கலந்திருக்கும்.

அதனால் தமிழில் வேலை செய்யும் சைக்காலஜிஸ்ட், ‘அப்போ மனசுக்குள்ள என்ன வார்த்தை ஓடுச்சு?’, ‘அப்போ உடம்புல எங்க என்ன பண்ணுச்சு?’ என்று தனித்தனியாகக் கேட்கப் பழக வேண்டும். ‘நெஞ்சு அடைக்குது’, ‘தலை பாரமா இருக்கு’, ‘உடம்பெல்லாம் எரியுது’ என்று உடம்பின் வழியே மனதைச் சொல்பவர்கள் இங்கே அதிகம்.

நம்பிக்கை இன்னொரு விஷயம். கோயில் நகரத்தில் மனக்கஷ்டம் வந்தால் முதலில் போகும் இடம் கோயிலாகவே இருக்கலாம். நல்ல சைக்காலஜிஸ்ட் அதோடு சண்டை போடமாட்டார். ஏர்வாடி தர்காவில், வழிபாடும் நடக்கட்டும், மனநல சிகிச்சையும் அங்கேயே கிடைக்கட்டும் என்று ‘தவா-துவா’ திட்டத்தைத் தமிழகம் செயல்படுத்தியது. அதே ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் உயிரிழந்தனர். சிகிச்சை எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மறக்க முடியாத சாட்சி அது.

தறி நின்றுபோனால்?

சிபிடி படித்தவர்களுக்கு மட்டும்தானா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒத்துவருமா? இது நியாயமான கேள்வி. இன்னொரு உதாரணம் பார்ப்போம்.

55 வயது நெசவாளர். சில மாதங்களாக எதிலும் ஈடுபாடு இல்லை. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நெய்யாததால் கூலி இல்லை. வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. முதலாளியைப் பார்க்கக் கூச்சப்பட்டு டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். படுத்தே கிடப்பதால் சோர்வு இன்னும் கூடுகிறது.

இவருக்கு எண்ணங்களை எழுதும் அட்டவணை கொடுத்தால் வேலைக்கு ஆகாது. இங்கே பயன்படுவது ‘செயல் தூண்டல்’ என்ற முறை. மனசு சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒரு வேலையைத் தொடங்குவது. மனசு பின்னால் வரும்.

“ஐயா, நாளைக்கு காலைல கால் மணி நேரம் மட்டும் தறியில உட்காருங்க. புடவை முடியணும்னு இல்ல. கால் மணி நேரம் ஆனதும் எழுந்துடுங்க.”

“கால் மணி நேரத்துல என்னம்மா ஆகப்போகுது?”

“ஒண்ணும் ஆகலைன்னா அதையும் வந்து சொல்லுங்க.”

இது வெறும் யோசனை இல்லை, சோதிக்கப்பட்ட முறை. டாக்டர் விக்ரம் படேல் தலைமையிலான குழு, கோவா ஆரம்ப சுகாதார நிலையங்களில் தீவிர மனச்சோர்வு கொண்டவர்களிடம் இதைச் சோதித்து, முடிவை 2017-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை. மனநலப் பின்னணி இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள். 6 முதல் 8 சந்திப்புகள். மூன்று மாதத்தில், இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் 64% பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39%.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் கர்ப்பிணிகளிடமும் இளம் தாய்மார்களிடமும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் சிபிடி முறையில் பேசினார்கள். குழந்தை பிறந்த ஆறு மாதத்தில், அந்தச் சிகிச்சை பெற்ற தாய்மார்களில் 23% பேருக்கு மட்டுமே மனச்சோர்வு இருந்தது. பெறாதவர்களில் 53% பேருக்கு இருந்தது. 2008-ல் வெளியான ஆய்வு இது.

அப்படியானால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டே தேவையில்லையா? தேவை. இந்தப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரவும், மேற்பார்வை செய்யவும், சிக்கலான நோயாளிகளைப் பார்க்கவும் அவர்கள்தான் வேண்டும். ஒருவர் எத்தனை பேரைத்தான் நேரில் பார்க்க முடியும்?

எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை?

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 85% பேர் சிகிச்சை பெறவில்லை என்று தெரியவந்தது. அதாவது நம்ம பஸ் இளைஞரைப் போல 100 பேர் இருந்தால், ஏறக்குறைய 85 பேர் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவில் 1996-ல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அதில் ஒன்று திருச்சி. இன்று தமிழகத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிவடைந்திருக்கிறது. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிப்பது நல்ல தொடக்கம்.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர்: என்ன வித்தியாசம்?

* சைக்கியாட்ரிஸ்ட்: எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதலாம்.
* கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: உளவியல் முதுநிலைக்குப் பிறகு மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய தனிப்படிப்பு முடித்தவர். உளவியல் பரிசோதனை, சிபிடி போன்ற சிகிச்சைகள் இவர் வேலை. மருந்து எழுத முடியாது.
* கவுன்சிலர்: இந்தப் பெயரில் நல்ல பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள், வார இறுதி ஆன்லைன் கோர்ஸ் முடித்தவர்களும் இருக்கிறார்கள். படிப்பைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 தெளிவாகவே வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்சிஐ) அங்கீகரித்த படிப்பு இருக்க வேண்டும். ஆர்சிஐ-யில் பதிவு செய்தவருக்கு சி.ஆர்.ஆர். எண் ஒன்று உண்டு. “உங்க ஆர்சிஐ நம்பர் என்ன?” என்று கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார். இன்ஸ்டாகிராமில் எத்தனை ஃபாலோயர்கள் என்பது தகுதிச் சான்று ஆகாது.

இந்த வேலைக்கு எப்படிப் போவது?

இந்தியாவில் இந்தப் படிப்பின் தொடக்கம் பெங்களூரு. 1954-ல் அங்கே அகில இந்திய மனநல நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டே மருத்துவ உளவியல் டிப்ளமோ தொடங்கியது. அந்த நிறுவனம்தான் 1974-ல் நிம்ஹான்ஸ் ஆனது.

2025-26 கல்வியாண்டு வரை வழக்கமாக இருந்த பாதை இது: உளவியலில் 3 ஆண்டு இளநிலை, 2 ஆண்டு முதுநிலை, பிறகு ஆர்சிஐ அங்கீகாரம் பெற்ற 2 ஆண்டு எம்ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி. பிளஸ் டூவுக்குப் பிறகு மொத்தம் 7 ஆண்டுகள். எம்ஃபில் என்றாலும் இது நூலகத்தில் உட்கார்ந்து எழுதும் படிப்பு இல்லை. முழுநேரம் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்து, மூத்தவரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்து பழக வேண்டும். இடங்கள் குறைவு, நுழைவுத்தேர்வில் போட்டி அதிகம்.

ஒரு எச்சரிக்கை. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு எம்ஃபில் படிப்புகள் கைவிடப்படுகின்றன. கிளினிக்கல் சைக்காலஜிக்கு மட்டும் யுஜிசி 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தந்தது. அதற்கு மாற்றாக ஆர்சிஐ வேறு படிப்புகளைக் கொண்டுவருகிறது. ஆகவே சேரும் முன், அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு ஆர்சிஐ அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்சிஐ இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பி ஃபீஸ் கட்டிவிட்டுப் பின்னால் அலையாதீர்கள்.

படித்து முடித்ததும் வேலை எங்கே? அரசு, தனியார் மருத்துவமனைகள், மாவட்ட மனநலத் திட்டம், போதை மறுவாழ்வு மையங்கள், கல்லூரிகள், தனி கிளினிக், ஆன்லைன் ஆலோசனை. சிபிடி என்பது படிப்போடு முடிகிற விஷயமும் இல்லை. வேலைக்கு வந்த பிறகும் தன்னுடைய நோயாளிகளைப் பற்றி ஒரு மூத்த நிபுணரிடம் தொடர்ந்து விவாதிப்பவர்தான் தேறுவார். நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்கும் வேலை என்பதால், தன்னைப் பார்த்துக்கொள்ளவும் அந்த மேற்பார்வை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சிபிடி போதுமா?

போதாது. மனச்சிதைவு, இருதுருவ மனநோய், தீவிர மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருந்து முக்கியம். சிபிடி அதற்குத் துணையாக நிற்கும். சிலருக்கு இந்த முறை பிடிக்காது, சிலருக்குப் பலன் தராது.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பட்டு விலை ஏறுவதும், கூலி ஏறாமல் இருப்பதும், கந்து வட்டிக்காரர் வாசலில் நிற்பதும் சிந்தனைப் பிழை இல்லை. அவை நிஜம். அந்த நெசவாளரிடம் ‘கடனைப் பற்றி வேறு மாதிரி யோசியுங்கள்’ என்று சொன்னால் அது சிகிச்சை இல்லை, அவமானம். நல்ல சைக்காலஜிஸ்ட் இரண்டையும் பிரிப்பார். ‘கடன் இருக்கு’ என்பது பிரச்சினை. அதை யாரிடம் பேசலாம், எந்தத் திட்டத்தில் உதவி கிடைக்கும், எதை முதலில் அடைக்கலாம் என்று படிப்படியாகத் தீர்வு தேடலாம். ‘கடன் இருக்கு, அதனால நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்’ என்பது எண்ணம். அதை மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டும்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கும் மேலாகச் சோகம், பதற்றம், தூக்கமின்மை தொடர்ந்தாலோ, பயத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் தவிர்க்கத் தொடங்கினாலோ தள்ளிப்போட வேண்டாம். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உயிரை விடும் எண்ணம் வந்தால் உடனே பேசுங்கள். மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் உதவி எண் 104. சென்னை ‘சினேகா’ அமைப்பின் எண் 044-24640050.

அந்த இளைஞருக்கு இனி படபடப்பே வராதா? வரலாம். வேலை அழுத்தம் கூடும் ஒரு வாரத்தில், பஸ் நெரிசலில் மறுபடி நெஞ்சு துடிக்கலாம். ஆனால் இந்த முறை அவர் கதவைத் தேடமாட்டார். ‘இது வரும், பத்து நிமிஷத்துல போயிடும், போன தடவையும் போச்சு’ என்று தெரிந்தவராக, இருந்த சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். பஸ் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரும்.